மூக்கு நிழலும் மெர்ல் ஓபரானும்: கேம் போட்டோவுக்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு

இன்றைய எபிசோட் ஒரு சின்ன எரிச்சலில் இருந்து ஆரம்பிக்குது.

கேம்ல கேரக்டருக்கு முடி, தாடி, கவசம் எல்லாம் மணிக்கணக்கா உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறோம். போட்டோ மோட் திறந்து ஒரு படம் எடுத்தா, கண் ரெண்டும் குழி மாதிரி கருப்பா இருக்கு. மூக்குக்குக் கீழே மீசை மாதிரி ஒரு நிழல். உடனே கை பிரைட்னஸ் ஸ்லைடருக்குப் போகும். அதை ஏத்தினா நிழல் போகாது, முகம்தான் வெளுத்துப்போகும்.

ஏன் அப்படி? இதைப் புரிஞ்சுக்க ரெண்டு இடத்துக்குப் போகணும். ஒன்று, 1978இல் வந்த ஒரு கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஆய்வுக் கட்டுரை. இன்னொன்று, பழைய ஹாலிவுட்.

முதல்ல கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்கு நிழல் தானாக வராது. ஒவ்வொரு நிழலையும் கணக்குப் போட்டுத்தான் வரைய வேண்டும். 1978இல் லான்ஸ் வில்லியம்ஸ் இதற்கு ஒரு எளிமையான வழி சொன்னார். விளக்கு இருக்கும் இடத்தில் ஒரு கேமரா இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பார்த்தால் ஒவ்வொரு திசையிலும் முதலில் தெரியும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று குறித்து வைக்கிறோம். இதுதான் ஷேடோ மேப். அப்புறம் நிஜ கேமரா பார்க்கும் ஒவ்வொரு புள்ளியையும் அந்தக் குறிப்போடு ஒப்பிடுகிறோம். விளக்கு குறித்து வைத்த தூரத்தை விட இந்தப் புள்ளி தள்ளி இருந்தால், நடுவில் ஏதோ மறைக்கிறது என்று அர்த்தம். அங்கே நிழல்.

சுருக்கமா சொன்னா, கேமரா பார்க்குது, ஆனா விளக்கு பார்க்கலை. அந்த இடம்தான் படத்தில் தெரியும் நிழல். இந்த ஒரு வரியை மனசுல வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் இதுதான் உதவப்போகுது.

1986இல் பிக்சார் எடுத்த 'லக்ஸோ ஜூனியர்' குறும்படம் இந்த ஷேடோ மேப்பைத்தான் பயன்படுத்தியது. அதில் கதாநாயகர்களே ரெண்டு மேஜை விளக்குகள். கேம்களுக்கு இது வந்து சேர ரொம்ப நாள் ஆனது. 2004இல் வந்த 'டூம் 3' வேறொரு வழியில் போனது. 1977இல் ஃப்ராங்க் க்ரோ சொன்ன ஷேடோ வால்யூம் முறை அது. நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டினது போல இருக்கும். பயமுறுத்தும் கேமுக்கு அது பொருத்தம். அழகான முகப் படத்துக்கு அது சரிவராது.

இன்று பெரும்பாலான கேம்கள் ஷேடோ மேப் வழியில்தான் நிழல் போடுகின்றன. ஷேடோ மேப்பும் ஒரு படம்தான், அதிலும் பிக்சல் உண்டு. பல எஞ்சின்களில் கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பவற்றுக்கு நிறைய பிக்சல், தூரத்தில் இருப்பவற்றுக்குக் குறைவு. அதனால தூரத்தில் நின்று ஜூம் பண்ணினா, மூக்கு நிழலின் விளிம்பு படிக்கட்டு மாதிரி தெரிய வாய்ப்பு அதிகம். கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோனால் அதே நிழல் சுத்தமா தெரியும்.

சரி, இப்ப ஹாலிவுட்டுக்கு வருவோம். 1930களில் பாரமவுண்ட் ஸ்டுடியோவில் மார்லின் டீட்ரிச்சை வைத்துப் படம் எடுத்தவர் இயக்குநர் ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க். முகத்துக்கு நேர் முன்னால், கொஞ்சம் உயரத்தில் விளக்கு. மூக்குக்குக் கீழே பட்டாம்பூச்சி வடிவத்தில் சின்ன நிழல் விழும். இதற்கு பட்டர்ஃபிளை லைட்டிங் என்றே பெயர் வந்தது. அவர்களுடைய 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தின் ஒளிப்பதிவுக்கு லீ கார்ம்ஸ் ஆஸ்கர் வாங்கினார். டீட்ரிச் முகத்தில் நிழல் இல்லாமல் இல்லை. எங்கே விழணும்னு முடிவு பண்ணியிருந்தாங்க, அவ்வளவுதான்.

அதே வான் ஸ்டெர்ன்பெர்க் 1937இல் லண்டனில் 'ஐ, கிளாடியஸ்' என்ற படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். நாயகி மெர்ல் ஓபரான். படப்பிடிப்பு நடக்கும்போதே ஓபரானுக்குக் கார் விபத்து. படம் பாதியில் நின்றது. அவர் முகத்தில் தழும்புகள் விழுந்தன.

தழும்பு என்பது சின்ன மேடு பள்ளம். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுந்தால் அந்தப் பள்ளங்களில் நிழல் விழும், தழும்பு பளிச்சென்று தெரியும். 'தி லாட்ஜர்' (1944) படத்தில் ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட் ஒரு சின்ன விளக்கை கேமராவோடு சேர்த்துப் பொருத்தினார். விளக்கும் லென்ஸும் ஏறக்குறைய ஒரே இடத்தில். கேமரா பார்ப்பதை எல்லாம் விளக்கும் பார்க்கிறது. தழும்பின் நிழல் லென்ஸுக்குத் தெரியவே இல்லை. அந்த விளக்குக்கு ஓபரான் பெயரிலிருந்தே 'ஓபி' என்று பெயர். அடுத்த வருஷம் ரெண்டு பேரும் கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க.

வில்லியம்ஸின் கட்டுரைக்கு 34 வருஷம் முன்னாடி, ஷேடோ மேப் கணக்கை ஒருத்தர் கையால் செய்து காட்டியிருக்கார்.

ஓபரான் மறைக்க வேண்டியிருந்தது தழும்பை மட்டுமல்ல. அவர் பிறந்தது பம்பாயில், 1911இல். அவரை வளர்த்த சார்லட் செல்பி இலங்கைக்காரர். ஆனால் ஸ்டுடியோ விளம்பரம் அவரை டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண் என்றது. 'தி டார்க் ஏஞ்சல்' (1935) படத்துக்குச் சிறந்த நடிகை பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தபோதும் அந்தக் கதைதான். அவர் 1979இல் இறந்தார். 1983இல் வந்த வாழ்க்கை வரலாற்று நூலுக்குப் பிறகுதான் உண்மை பரவலாகத் தெரிந்தது.

இதை நான் சும்மா சொல்லலை. நிழலை எடுப்பது வேறு, நிறத்தை எடுப்பது வேறு. பிரைட்னஸை ஏத்தும்போது நாம செய்றது ரெண்டாவது வேலை. மாநிறமா, கருப்பா ஒரு கேரக்டரை ஆசையாக உருவாக்கியவர்களுக்கு இது நல்லாவே தெரியும். நிழலைப் போக்கப் போய், கடைசியில் அது வேற யாரோ ஒருத்தரோட முகமா ஆகிடும்.

அப்ப என்ன செய்யலாம்? ஓபி விளக்கு சொன்னதையே செய்யலாம். விளக்கை கேமரா பக்கம் கொண்டுவாங்க. 'மைல்ஸ் மொரேல்ஸ்' (2020) மாதிரி சில கேம்களில் போட்டோ மோடுக்குள்ளேயே விளக்கு வைக்கலாம். லென்ஸுக்குக் கொஞ்சம் மேலே ஒன்று வைத்தால் கண் குழி நிரம்பும். விளக்கு வசதி இல்லையா? சூரியன்தான் விளக்கு. மத்தியான வெயிலில் எடுக்காதீங்க. 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வில் நேரத்தையே மாற்றலாம். சூரியனைத் தாழ்வாக வைத்து, உங்க முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி நின்று எடுங்கள். அதுவும் முடியலைன்னா கேரக்டரைக் கூரை நிழலுக்குள் நிறுத்துங்கள். அங்கே வானத்தின் பரவலான வெளிச்சம் மட்டும்தான், அதனால் கூர்மையான விளிம்பு இருக்காது. பின்னால் சுவர் இருந்தால் ரெண்டு அடி முன்னால் வாங்க, சுவரில் விழும் நிழல் ஃபிரேமை விட்டுக் கீழே இறங்கும்.

கேமில் நமக்கு ஒரு சலுகை கூட உண்டு. படப்பிடிப்புத் தளத்தில் கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு விளக்கும் புதுசா ஒரு நிழலைக் கொண்டுவரும். கேம் எஞ்சினில் ஒரு விளக்கு நிழல் போடணுமா வேண்டாமா என்பது டெவலப்பர் தட்டும் ஒரு செக்பாக்ஸ். ஷேடோ மேப் கணக்கு வேண்டாம் என்றால் வேகமும் கூடும். நிழலே போடாத விளக்கு! பல்லார்டுக்குக் கிடைச்சிருந்தா விட்டிருக்க மாட்டார்.

ஒன்று மட்டும், எல்லா நிழலையும் எடுத்துடாதீங்க. மூக்கு நிழல் மொத்தமா போச்சுன்னா முகம் தட்டையா, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி ஆகிடும். கொஞ்சம் விட்டு வைங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.