கற்பிக்கும் கருவிக்கு நிதி தேடிய கதை

பல்கலைக்கழகத்திற்குக் கட்டடம் வேண்டுமென்றால் கொடுப்பார் உளர். பேராசிரியர் இருக்கை வேண்டுமென்றாலும் உளர். அக்கட்டடத்துள் அப்பேராசிரியர் எதனைக் கொண்டு கற்பிப்பார் என்னும் வினா எழும்போதுதான் பணப்பை இறுகிவிடுகிறது. நூலும் நூற்பட்டியும் ஒலிப்பதிவுக் கருவியும், இக்காலத்துக் கணினியும் கண்ணுக்குப் பெரிதாய்த் தோன்றுவன அல்ல. கல்வெட்டில் பெயர் பொறிக்க அவற்றில் இடமுமில்லை. ஆயினும் மலாயாத் தமிழர் வரலாற்றில், கற்பித்தற் கருவிக்கென்றே பொதுமக்கள் நிதி தந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு.

மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து, 1949ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. சில ஆண்டுகளில் இந்திய இயல் துறையொன்று காணவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஆலோசனை கூறியவர் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். வடமொழிக்கே முதன்மை தரவேண்டும் என்பது அவர் பரிந்துரை. சோழர் வரலாற்றை விரிவாக எழுதிய அப்பெரியாரின் புலமையை ஐயுற இடமில்லை. இந்திய நாகரிகம் முழுவதையும் ஒரு துறைக்குள் அடக்க முற்படும் அறிஞர் அவ்வாறு கருதுவது வியப்புமன்று. ஆனால் இந்நாட்டு இந்தியருள் மிகப் பெரும்பான்மையோர் தமிழர் என்னும் உண்மைக்கு அப்பரிந்துரையில் உரிய எடை கிடைக்கவில்லை. தமிழர் கொதித்தெழுந்தனர். 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அவ்வெழுச்சியின் முன்னணியில் நின்றார்.

கண்டனத் தீர்மானம் நிறைவேற்றிக் கலைந்துபோவது நம்மவர்க்குப் பழகிய வழக்கம். சாரங்கபாணியார் அத்துடன் நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதியொன்றைத் தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்பதோடு, அத்தமிழைக் கற்பிக்கத் தேவையான நூல்களுக்கும் வழிசெய்வது அதன் நோக்கம். இதிலுள்ள நுட்பத்தை எண்ணிப் பார்த்தல் தகும். பணிந்து கேட்போர்க்கு மறுமொழி கூறுவது எளிது: 'நூல் இல்லை, வசதி இல்லை, பின்னர்ப் பார்ப்போம்' என்று சொல்லிவிடலாம். நூலைக் கையிலேந்தி வாயிலில் நிற்பவர்க்கு அம்மறுமொழி செல்லாது.

கொடுத்தவர் யார் என்பதே இதனினும் பெரிய செய்தி. வணிகரும் அலுவலரும் தந்தனர். உழைத்துண்ணும் எளிய தொழிலாளரும் தந்தனர். அக்காலத்துத் தோட்டத் தமிழ்ப் பள்ளி தொடக்கக் கல்வியோடு முடிந்துவிடும். பல்கலைக்கழகமோ ஆங்கிலக் கல்வி பெற்றவர்க்கே திறந்திருந்தது. மாசாய், பிளந்தோங் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய ஒரு தொழிலாளிக்கு, ஜொகூர் நீரிணைக்கு அப்பால் இருந்த அப்பல்கலைக்கழகம் தொலைவில் அண்மையது. தன் பிள்ளை அதன் படியேறும் வாய்ப்போ மிகச் சேய்மையது. தம் வீட்டார் படிக்கப்போகும் நூலுக்கு உதவுவது இயல்பு. எவர் வீட்டுப் பிள்ளையோ படிக்கப்போகும் நூலுக்கு நாட்கூலியிலிருந்து எடுத்துக் கொடுப்பது வேறு.

அதே ஆண்டுகளில் சீனரும் இத்தகைய பணியில் இறங்கியிருந்தனர். 1953இல் ரப்பர் வணிகர் டான் லார்க் சாய் நன்யாங் பல்கலைக்கழகத்திற்கென 50 இலட்சம் வெள்ளி தர முன்வந்தார். ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் 523 ஏக்கர் நிலம் தந்தது. 1954இல் முச்சக்கரவண்டி ஓட்டுநர் ஒருநாள் வருவாயை அப்படியே கொடுத்தனர். அவர்கள் முழுப் பல்கலைக்கழகத்தையே எழுப்பினர். தமிழர் இருந்த பல்கலைக்கழகத்துள் ஓர் இடம் பெற்றனர். செல்வ நிலையில் இருந்த வேறுபாட்டை நோக்க, இரண்டாவது முயற்சியைச் சிறிதென்று தள்ளுதல் பொருந்தாது.

இந்திய இயல் துறை 1956இல் தமிழுக்கு இடமளித்துத் தொடங்கப்பெற்றது. 1959இல் கோலாலம்பூர் சேர்ந்தது. 1961இல் தனிநாயக அடிகளார் அதன் தலைமையை ஏற்றார். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் அந்நகரில் கூடியதற்கு அத்துறையே அடிமனையாய் இருந்தது.

அடுத்த தலைமுறைக்குக் கருவி மாறியது. சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளராய் இருந்த நா. கோவிந்தசாமி 'கணியன்' என்னும் தமிழ் எழுத்து முறையை உருவாக்கினார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவினரோடு சேர்ந்து அவர் உழைத்ததன் பயனாக, 1995 அக்டோபரில் நான்கு மொழிக் கவிதைகள் கொண்ட இணையத்தளத்தில் தமிழும் ஏறியது. இங்கே உண்டியல் குலுக்கப்படவில்லை. நாட்டைக் கணினி மயமாக்க அரசு முனைந்திருந்த காலம் அது. ஆட்சிமொழி நான்கனுள் தமிழும் ஒன்று. கொடுப்பவர் விரும்பியதும் தமிழுக்கு வேண்டியதும் ஒரே இடத்தில் சந்தித்தன. மலேசியாவின் முத்து நெடுமாறனோ 1985 முதல் தம் சொந்த முயற்சியாலேயே 'முரசு அஞ்சல்' மென்பொருளை வளர்த்து வந்தார்.

அண்மைக் காலத்தில் பெருநிதி இருக்கைகளுக்கே சென்றது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு வேண்டிய 60 இலட்சம் டாலர் 2018இல் நிறைவுற்றது. தமிழக அரசு மட்டும் 10 கோடி ரூபாய் தந்தது. இருக்கையின் மூலதனம் கரையாது, அதன் வருவாயே செலவாகும். கருவிக்கு அந்த நற்பேறு இல்லை. கணியன் போன்ற பழைய குறிமுறைகளில் எழுதியவை, ஒருங்குறி பரவியபின் மாற்றியமைத்தாலன்றித் திரையில் எழுத்தாய்த் தோன்றா. மாற்றுவதற்கும் ஆளும் பொருளும் வேண்டும். 1950களில் அச்சான ஒரு தமிழ் நூலையோ இன்றும் எடுத்துத் திறந்தால் படிக்கலாம்.