மறுபக்கம்

ரீமிக்ஸ் என்பது நம்மிடையே கெட்டுப்போன ஒரு சொல். பழைய சினிமாப் பாட்டுக்கு வேகமான தாளத்தைச் சேர்த்து மறுபடி விற்பதைத்தான் அது குறிக்கிறது. டெக்னோ இசைத்தட்டுகளைப் பல வருஷங்களாகச் சேகரித்துவரும் நானும் வெகுகாலம் இந்த அபிப்பிராயத்தில்தான் இருந்தேன். மூலம் வேண்டும், அதுவும் முதல் பதிப்பு வேண்டும். ரீமிக்ஸ் என்று உறையில் கண்டால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். இந்த அபிப்பிராயம் உடைந்ததைச் சொல்வதற்கு, அந்தத் தட்டுகளின் சரித்திரத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஆரம்பம் ஜமைக்காவில். 1960களின் இறுதியில் கிங்ஸ்டனில், பாட்டிலிருந்து குரலை நீக்கிவிட்டு மீதியைத் தட்டின் மறுபக்கத்தில் பதிக்கும் வழக்கம் ஏற்பட்டது. அதற்கு 'வெர்ஷன்' என்று பெயர். ரேடியோக்களைப் பழுதுபார்த்து வந்த கிங் டப்பி, 1970களில் இதை ஒரு கலையாகவே ஆக்கினார். அவர் புதிதாக எதையும் வாசித்துச் சேர்க்கவில்லை. இருப்பதில் சிலவற்றை மறைத்தார், சிலவற்றைத் திடீரென்று வெளியே விட்டார், சிலவற்றை எதிரொலிக்க வைத்தார். ஒரு பிரதியை இன்னொருவர் வாசிக்கும் காரியம் இது.

நியூயார்க்கில் இதற்கு உருவம் கிடைத்தது ஒரு தற்செயலால். டாம் மோல்டன் சொல்லிவந்த கதை இது: 1970களின் நடுவில், தான் நீட்டித்த ஒரு பாட்டை வெட்ட அவர் போனபோது 7 அங்குலத் தகடுகள் தீர்ந்துபோயிருந்தன, கைக்குக் கிடைத்த 10 அங்குலத் தகட்டில் வெட்டினார்கள். கோடுகளுக்கு இடம் தாராளமாகக் கிடைத்ததால் சத்தம் கூடிற்று, கீழ் ஸ்தாயி ஆழமாயிற்று. பிறகு அது 12 அங்குலமாயிற்று. 1976இல் சால்சோல் வெளியிட்ட 'டென் பர்சென்ட்', கடைக்கு வந்த முதல் 12 அங்குலத் தட்டுகளில் ஒன்று. அதை ரீமிக்ஸ் செய்தவர் வால்ட்டர் கிப்பன்ஸ். ஆக, இன்று டெக்னோக்காரர்கள் புனிதமாகக் கருதும் அந்தத் தட்டு வடிவமே ரீமிக்ஸுக்காகப் பிறந்தது. மூலத்தை மட்டும் தேடி அலைந்த எனக்கு இது முதல் அடி.

டெட்ராய்டின் கதை வேறு மாதிரி. கார்த் தொழில் தேய்ந்துகொண்டிருந்த நகரத்தில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற கருப்பின இளைஞர்கள் மின்கருவிகளைக் கொண்டு டெக்னோவை உண்டாக்கினார்கள். அட்கின்ஸ் தம்முடைய மெட்ரோபிளெக்ஸில் 'நோ யூஎஃப்ஓஸ்' தட்டைக் கொண்டுவந்தது 1985இல். பெரிய கம்பெனிகளுக்காகக் காத்திராமல் தாங்களே வெளியிட்டார்கள். பின்னாளில் அவர்களுடைய தட்டுகள் பலவற்றுக்கு மூலத்தகடு வெட்டிக் கொடுத்தவர் ரான் மர்ஃபி. இசை முடிந்து லேபிள் தொடங்குமுன் உள்ள வெற்றிடத்தில் 'என்எஸ்சி' என்று கீறிவைப்பது அவர் வழக்கம். 2008இல் இறந்துவிட்டார்.

அந்தக் கீறல்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. 1990களின் ஆரம்பத்து டெட்ராய்டுத் தட்டு ஒன்றை ஒரு வியாபாரியிடம் என் ஒரு மாத வாடகையைக் கொடுத்து வாங்கியிருந்தேன். ஆறு வருஷம் அதைக் கேட்டேன். பிறருக்கும் போட்டுக் காட்டிப் பெருமைப்பட்டேன். ஒருநாள் நண்பர் ஒருவர் அதை விளக்கடியில் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உறையில் போட்டார். அசலில் இருக்க வேண்டிய கீறல் அதில் இல்லை. திருட்டுப் பதிப்பு. ஆறு வருஷமாக என் காது சொல்லாததை ஒரு வெற்றிடம் சொல்லிவிட்டது. பணம் போனதைவிட, நான் காதால் சேகரிக்கவில்லை என்று தெரிந்ததுதான் அவமானமாக இருந்தது.

அப்படியானால் போலியில் என்ன குற்றம்? இசை அதேதானே? இதற்குப் பதில் எனக்கு ஒரு ரீமிக்ஸ் தட்டில்தான் கிடைத்தது. அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ், டெட்ராய்டில் 1989இல் தொடங்கிய குழு. 1999இல் அவர்கள் வெளியிட்ட ரொலாண்டோவின் 'ஜாகுவார்' உலகெங்கும் ஒலித்தது. சோனியின் ஜெர்மானியக் கிளை, அனுமதியில்லாமல் ஸ்வரத்துக்கு ஸ்வரம் அதே போல ஒன்றைத் தயார் செய்தது. எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன, சோனி பின்வாங்கியது. 2000இல் குழு கொடுத்த பதில் 'ரிவெஞ்ச் ஆஃப் தி ஜாகுவார்': ஒரு ரீமிக்ஸ் தட்டு. டெரிக் மேயும் ஜெஃப் மில்ஸும் அதே இசையை ஆளுக்கொரு விதமாக, தத்தம் பெயரில், திரும்பச் செய்திருந்தார்கள்.

போலி மூலத்தோடு முழுக்க ஒத்துப்போகிறது. ஒத்துப்போவதாலேயே மூலத்தைச் செய்தவனை இல்லாமலாக்குகிறது. அவன் கைக்குக் காசும் போவதில்லை, பெயரும் போவதில்லை. ரீமிக்ஸ் மூலத்தோடு சண்டை பிடிக்கிறது. ஆனால் மூலம் யாருடையது, சண்டை பிடிப்பது யார் என்ற இரண்டையும் லேபிளில் எழுதிவிட்டுத்தான் பிடிக்கிறது. நம் உரைகாரர்கள் செய்ததும் இதைத்தான். குறளோடு பரிமேலழகர் எத்தனை இடத்தில் மல்லுக்கு நின்றாலும் குறளைக் கீழே போட்டுவிட்டு நிற்கவில்லை. விசுவாசத்துக்கும் ஒத்திருப்பதற்கும் சம்பந்தமில்லை என்பதை நான் இலக்கியத்தில் படித்திருந்தும் தட்டுகளில் கற்க இத்தனை வருஷம் ஆயிற்று.

இப்போது என் அலமாரியில் ரீமிக்ஸ்களே அதிகம். பெர்லினில் மவுரிட்ஸியோ 1992இல் கொண்டுவந்த 'ப்ளாய்' அதில் ஒன்று. ஒரு பக்கம் அவர்களுடையது, மறுபக்கம் அதையே அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் செய்தது. எது முன்பக்கம் என்று பார்க்காமலே முள்ளை வைக்கிறேன்.

அந்தத் திருட்டுத் தட்டையும் எறியவில்லை. ஆறு வருஷம் கேட்டதை எறிய முடியாது. தனியாக வைத்திருக்கிறேன், ரீமிக்ஸ்களோடு மட்டும் சேர்ப்பதில்லை.