ஊர்ப்பெயரும் குடிவரலாறும்

ஒரு குடியின் வரலாற்றுக்கு ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் இரு கண்கள். நிலமுடையார்க்குப் பட்டயமும் பத்திரமும் உண்டு. கோயிலுரிமை உடையார்க்குக் கல்வெட்டும் ஒழுகும் உண்டு. நம் மக்களுள் பலர்க்குப் பாட்டனார் பெயரும் அவர் வாழ்ந்த இடத்தின் பெயருமே எஞ்சிய செல்வம். இன்று நம் இளைஞர் கணினி மென்பொருளில் குடிவழி எழுதத் தொடங்கியுள்ளனர். அங்கே ‘இடம்’ என்னும் கட்டத்தில் பழைய பெயரை எழுதுவதா, புதிய பெயரை எழுதுவதா என்னும் வினா எழுகின்றது. வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அவ்வினாவை ஆராய்வது தகும் எனக் கருதுகின்றோம்.

மாறிய எல்லைகள்

அரியலூரில் 1940ஆம் ஆண்டு பிறந்த ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் பிறந்த இடம் சென்னை மாகாணத்துத் திருச்சிராப்பள்ளி மாவட்டம். அன்றைய ஆங்கிலப் பதிவுகளில் ‘டிரிச்சினாப்பொலி’. 1969இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. 1995இல் திருச்சி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அவருடைய வீடு பெரம்பலூர் மாவட்டத்தில் அமைந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டம் ஆயிற்று. 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007இல் மறுபடியும் தனித்து நின்றது. வீடோ இருந்த இடத்திலேயே இருந்தது.

கரூர் வட்டம் 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பின்னர்த் திருச்சிக்கு வந்து, 1995இல் தனி மாவட்டமாயிற்று. புதுக்கோட்டை 1948 வரை தனி அரசு. 1974இல் தனி மாவட்டம். திருவரங்கமும் பொன்மலையும் தனி நகராட்சிகளாக இருந்து, 1994இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியில் இணைந்தன.

இவற்றை அறிவதால் பயன் உண்டு. ஆவணம் எழுதப்பட்ட நாளில் ஊர் எந்த ஆட்சிக்கு உட்பட்டிருந்ததோ, அந்த ஆட்சியின் ஏடுகளிலேயே அதைத் தேட வேண்டும். 1905இல் கரூரில் எழுதப்பட்ட நிலக்கணக்கைத் திருச்சி மாவட்ட ஏடுகளில் மட்டும் தேடுவோர் வெறுங்கையோடு திரும்புவர்.

மதிலுக்குள்ளும் வெளியிலும்

திருவரங்கத்து ஏழு மதில்களுக்கு இடைப்பட்ட உத்தர வீதிக்கும் சித்திரை வீதிக்கும் பெயர் உண்டு. கோயிலின் நடைமுறைகளைக் கூறக் கோயிலொழுகு உண்டு. தீண்டத்தகாதவராய் ஒதுக்கப்பட்டு, காவிரிக் கரையில் நின்று அரங்கனைப் பாடியவர் எனக் குருபரம்பரை கூறும் திருப்பாணாழ்வார்க்கும் உறையூர் என்னும் ஊர் குறிக்கப்பட்டது. ஆனால் அவர்போல் ஒதுக்கப்பட்ட எண்ணிறந்த மக்களின் குடியிருப்புகளுக்கு ஏடெழுதுவோர் இட்ட பெயர் சாதிப் பெயரே.

சேரி என்னும் சொல் தொடக்கத்தில் இழிவு குறித்ததன்று. மக்கள் சேர்ந்து வாழும் இடத்தையே குறித்தது. பத்தாம் நூற்றாண்டில் பிராமணர் ஊராகிய உத்தரமேரூரிலும் பன்னிரண்டு சேரிகள் இருந்தன. ஆயின் முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இடம்பெறுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இடப்பெயரில் தீண்டாமை ஏறிவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மக்களின் பெயரை மாற்றும் போராட்டமும் பழையது. எம். சி. ராஜா முதலியோரின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு ‘ஆதி திராவிடர்’ என்னும் பெயரை ஏற்றது. 2025 ஏப்ரல் 29 அன்று, ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களினின்றும் பொதுப் புழக்கத்தினின்றும் நீக்கப்படும் எனத் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில், சாதிப் பெயர் தாங்கிய தெருக்கள், குடியிருப்புகளின் பெயர்களை மாற்றுதற்கு அரசாணையும் வந்தது. பிள்ளைகள் பள்ளியில் முகவரி சொல்லத் தலைகுனியும் நிலை ஒழிய வேண்டும். ஆதலின் இம்மாற்றத்தை நாம் வரவேற்கின்றோம்.

எனினும் தெருப்பலகையில் நீக்க வேண்டிய பெயரைக் குடிவரலாற்றிலும் அழித்துவிட்டால் இழப்பு நமதே. 1892ஆம் ஆண்டு அரசாணையின் வழி ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் பல பிறர் கையில் உள்ளன. அவற்றை மீட்க முனைவோர், பழைய ஏட்டில் கண்ட குடியிருப்பும் இன்றைய குடியிருப்பும் ஒன்றே என்று காட்ட வேண்டும். பழைய பெயரை மறந்தவர் அதனை எங்ஙனம் காட்டுவர்?

கடல் கடந்தோர்

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர். கப்பற் பதிவேடுகளில் அவர்தம் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் ஆகியன உள்ளன. காதில் விழுந்தவாறு ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட கிராமப் பெயர்களைக் கொண்டே அவர்தம் பேரர்கள் இன்று ஊர் தேடுகின்றனர். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் பணியை மேற்பார்த்த இலங்கைத் தொழிலாளர் ஆணையம் 1904 முதல் திருச்சிராப்பள்ளியிலேயே இயங்கியது. அங்குச் சென்றோர் அணிந்த தகரத் துண்டில் சேரவேண்டிய தோட்டத்தின் அடையாளமே இருந்தது. விட்டுவந்த ஊரின் பெயர் அதில் இல்லை. பிரிந்த உறவினர் ஒருவரையொருவர் கண்டுகொள்ள இங்குள்ளோர் எழுதிவைக்கும் பழம்பெயரே துணையாகும்.

செய்யத்தக்கன

குடிவழித் தரவுகளைப் பரிமாறுதற்குரிய ‘கெட்காம்’ என்னும் முறை 1984இல் அமெரிக்க மார்மன் திருச்சபையாரால் வெளியிடப்பட்டது. அதில் சிற்றூர் தொடங்கி நாடு ஈறாக இடப்பெயரைக் காற்புள்ளி இட்டு எழுதுவது வழக்கம். ‘கிராம்ப்ஸ்’ என்னும் கட்டணமற்ற மென்பொருளில் ஓர் இடத்திற்குப் பல பெயர்களையும் அவை வழங்கிய காலத்தையும் குறிக்கலாம்.

ஆதலின் ஒவ்வோர் இடத்திற்கும் நான்கு செய்திகளை எழுதுமாறு வேண்டுகின்றோம். முதலாவது, ஆவணத்தில் உள்ளவாறே எழுத்துப் பிழையும் திருத்தாத பெயர். இரண்டாவது, அங்கு வாழ்ந்தோர் தம் வாயால் வழங்கிய பெயர். மூன்றாவது, இன்றைய பெயரும் வட்டமும் மாவட்டமும். நான்காவது, இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும். பெயர் எத்தனை முறை மாறினும் இவை மாறா. இழிசொல் ஆவணத்தில் இருப்பின், அதனை ஆவணச் சொல் என்றே குறித்து, தலைப்பில் மக்கள் வழங்கிய பெயரை நிறுத்துக.

இவற்றுள் இரண்டாவது எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. ஏரிக்கரையையும் மரத்தையும் காவல் தெய்வத்தையும் சுட்டி நம் முன்னோர் இட்ட பெயர்கள் முதியோர் நினைவிலேயே வாழ்கின்றன. கழகத்தின் மாணவர் ஒவ்வொருவரும் வரும் விடுமுறையில் தம் வீட்டு முதியோரை அணுகி, நாளும் சொன்னவர் பெயரும் குறித்து அவற்றை எழுதிக்கொள்வாராக. பிறர் இட்ட பெயரால் அறியப்பட்ட மக்கள் தாம் இட்ட பெயரைத் தம் கையால் எழுதிவைப்பதும் கல்வியின் பயனே.