முறையீடும் முத்திரையும்

அநுராதபுரத்திலிருந்து அரசாண்ட எல்லாளன், முறைவேண்டி வருவோர் எவரும் அசைக்குமாறு ஆராய்ச்சி மணியொன்றைக் கட்டுவித்தான் என மகாவம்சம் கூறும். அம்மணியை அசைத்தற்குக் கட்டணம் வேண்டப்பட்டிலது. பிற்காலத்து நீதிமன்ற வாயிலிலோ முத்திரை வந்து நின்றது.

1707-இல் ஒல்லாந்தரின் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்தார் வழக்கங்களைத் தேசவழமையெனத் தொகுத்தார். 1806-இல் ஆங்கிலேயர் அதனைச் சட்டமாக ஏற்றனர். 1833-இல் கமரன் என்பாரது அறிக்கையைத் தழுவி நீதிமன்றங்கள் திருத்தியமைக்கப்பெற்றன. இவர் பெந்தம் என்னும் அறிஞரின் வழிநின்றவர். வழக்கின்மீது விதிக்கும் வரி, துன்புற்றவனை அத்துன்பவேளையிலேயே வருத்துவதாகும் என 1790-களில் வாதாடியவர் பெந்தம். ஆயினும் ஆசிரியரின் அக்கொள்கை இலங்கையில் வேரூன்றவில்லை. 1909-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்க முத்திரைக் கட்டளைச்சட்டம், வழக்கின் பெறுமதிக்கேற்ப, வழக்குரை, மறுமொழி, அழைப்பாணை, மேன்முறையீடு முதலிய பத்திரங்களுக்குத் தனித்தனியே வரி விதித்தது.

இதன் விளைவு எத்தகையது என்பதை நீர்வேலி போன்ற ஊர்களை நோக்கின் உணரலாம். இங்குத் தோட்டக்காணி பரப்புக் கணக்கிற் பிரிந்து கிடக்கும். கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரிமையும் உறுதியில் எழுதப்படும். பங்காளி ஒருவன் நீர்முறையைத் தடுப்பின் வாழைத்தோட்டம் வாடும். தோட்டக்காரன் முறையிட எண்ணினானாயின், முதலில் முத்திரைக்கும், பின்னர்ப் பிரக்கிராசிக்கும், வேண்டுமிடத்து அப்புக்காத்துக்கும் அந்நாளிற் பணந் தேடல் வேண்டியிருந்தது. பொருளுடையானுக்கு இது செலவு. இலானுக்கோ காணியை ஈடுவைத்தல், அன்றேல் உரிமையைக் கைவிடுதல்.

1889-ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, வறியோர் முத்திரையின்றி வழக்கிட இடமளித்தது உண்மையே. ஆனால் வறுமையை மன்றில் மெய்ப்பித்தல் வேண்டும். சில பரப்புக் காணியுடையான் செல்வனுமல்லன், சட்டத்தின் கண்ணில் வறியனுமல்லன். இவ்விருவர்க்கும் இடைப்பட்டவனே பெரிதும் இடர்ப்பட்டான்.

கட்டணம் இன்றேல் வீண்வழக்குப் பெருகும் என்பார் உளர். கட்டணம் அளப்பது வழக்காளியின் மடியையேயன்றி வழக்கின் மெய்யை அன்று. வீம்புக்கு வழக்காடும் செல்வனை அது தடுப்பதில்லை. அத்தகையோனைத் தண்டித்தற்கு, முடிவில் எதிராளியின் செலவை இறுக்கச் செய்யும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு.

குறைதீர்க்கும் முயற்சிகளும் நிகழ்ந்தன. 1871-இன் கிராம நீதிச்சபைகளிலும், 1958-இன் இணக்கசபைகளிலும், 1988-இன் சட்டத்தால் எழுந்த மத்தியஸ்த சபைகளிலும் வழக்கறிஞர் தோன்ற இடம் அளிக்கப்படவில்லை. 1978-இல் சட்ட உதவி ஆணைக்குழு தோன்றியது. 1987-இன் பதின்மூன்றாந் திருத்தம் நீதிமன்றக் கட்டணங்களை மாகாணசபைகளின் அதிகார நிரலிற் சேர்த்தது. ஆதலின் இக்கேள்வி நம் வாயிலுக்கே வந்துள்ளது. கட்டணம் வேண்டுமாயின், தீர்ப்பின் பின்னர்த் தோற்றவனிடம் பெறுக. தீர்ப்பை நாடி வருபவனை வாயிலில் மறித்துப் பெறுதல் முறையன்று.