ஈயத்தில் பிறந்த இம்பாக்ட்

கேலிப்படங்களின் மேலும் கீழும் கறுப்பு விளிம்பு கட்டி நிற்கும் தடித்த வெள்ளை எழுத்துகளைக் காணாதவர் அரிது. அவ்வெழுத்துருவின் பெயர் இம்பாக்ட். கணினிக்கென்றே பிறந்ததுபோல் தோன்றினாலும், 1965-இல் அது ஈயத்தில் வார்க்கப்பட்டது. விளம்பரத் துறையில் பணியாற்றிய ஜெஃப்ரி லீ என்னும் ஆங்கிலேயர் வரைய, ஷெஃபீல்டு நகரத்து ஸ்டீஃபன்சன் பிளேக் வார்ப்பகம் அதனை வெளியிட்டது.

அவ்வார்ப்பகத்தின் பழமை ஈண்டு கருதத்தக்கது. 1818-இல் தொடங்கிய அந்நிறுவனம், மறு ஆண்டே நான்காம் வில்லியம் காஸ்லானின் வார்ப்பகத்தை விலைக்கு வாங்கியது. 1816-ஆம் ஆண்டு மாதிரி ஏட்டில் காஸ்லான் காட்டிய ஓர் எழுத்து, முனைகளில் சிறுகோடுகள் ஏதுமின்றி மொட்டையாக நின்றது. இலத்தீன் எழுத்தில் விற்பனைக்கு வந்த அவ்வகை அச்செழுத்துகளுள் அதுவே முதலாவது என்பர். அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. சிறிய எழுத்துகள் இல்லை.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் லீ செய்த புதுமை அச்சிறிய எழுத்துகளில்தான் இருக்கிறது. குறித்த அளவுக்குள் இயன்ற மட்டும் மையை ஏற்றுவதே தம் நோக்கமென்று அவர் பின்னாளில் எழுதினார். ஆகவே கோடுகளைப் பருமனாக்கினார். எழுத்துகளின் உள்வெளியைக் கீற்றளவாகச் சுருக்கினார். சிறிய எழுத்துகளின் உடலைப் பெரிய எழுத்துகளின் உயரத்தை நெருங்குமாறு வளர்த்தார். மேலெழும் கோடும் கீழிறங்கும் கோடும் குட்டையானதால், வரிகளை இடைவெளியின்றி நெருக்கி அடுக்கலாம். சுவரொட்டிக்கும் விளம்பரத் தலைப்புக்கும் வேண்டிய அடர்த்தி இவ்வாறு கிட்டியது.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. ஒளிப்பட அச்சுக்கோப்பும், தாளில் தேய்த்து ஒட்டும் எழுத்துகளும் ஈயத்தை ஓரங்கட்டிய ஆண்டுகள் அவை. இம்பாக்டுக்கு மறுவாழ்வு தந்தது கணினியே. 1996-இல் மைக்ரோசாஃப்ட் இணையத்திற்கென இலவசமாக வழங்கிய எழுத்துருக்களுள் அதுவும் ஒன்று. பின்னர் விண்டோஸுடனும் வந்தது. கேலிப்படம் செய்வோர் கைக்கு எளிதில் எட்டியது இவ்வாறே. எனினும் வசதி மட்டுமே காரணமன்று. எப்படத்தின் மீதும் படிக்க இயல வேண்டுமாயின் விளிம்பு கட்டியாக வேண்டும். மெல்லிய எழுத்தை அவ்விளிம்பு விழுங்கிவிடும். இம்பாக்டின் பருமன் அதனைத் தாங்கி, நடுவில் வெண்மையையும் மிச்சம் வைக்கிறது.

இதில் ஒரு முரண் உண்டு. கேலிப்பட மரபு முழுவதும் பெரிய எழுத்துகளையே ஆள்கிறது. லீ அரும்பாடுபட்டு உயர்த்திய சிறிய எழுத்துகள் அங்கே தலைகாட்டுவதில்லை. புகழின் உச்சியில் அவ்வெழுத்துரு 1816-க்கே, காஸ்லானின் பெரிய எழுத்து வரிசைக்கே திரும்பிவிட்டது எனலாம். உலகறிந்த இம்பாக்ட், லீ வரைந்த இம்பாக்டில் பாதியே. மறுபாதியைக் காண விழைவோர் ஒரு தலைப்பைச் சிறிய எழுத்துகளில் இரு வரியாக நெருக்கி அடுக்கிப் பார்க்கட்டும். அவர் கட்ட நினைத்த கருஞ்சுவர் அப்போது புலப்படும்.