தாமஸ் என்கோனோ காத்த வலை

ஆப்பிரிக்க அணிகளுக்கு வேகம் உண்டு, நம்பகமான கோல்கீப்பர் கிடையாது என்ற பேச்சு ஐரோப்பாவில் வெகுகாலம் ஓடியது. கேமரூனின் தாமஸ் என்கோனோவின் ஆட்டத்தைப் பார்த்தால் அது வெறும் முன்முடிவு என்பது விளங்கும். 1982 உலகக் கோப்பையில் பெரு, போலந்து, இத்தாலி மூன்றோடும் கேமரூன் சமன் செய்தது. வாங்கியது ஒரே கோல். இத்தாலியின் கிராசியானி தலையால் முட்டிய பந்து மேலெழும்பி வர, என்கோனோவின் கால் வழுக்கியது, அவ்வளவுதான். கூடுதல் கோல் அடித்திருந்ததால் முன்னேறிய இத்தாலிதான் அந்த ஆண்டுக் கோப்பையை வென்றது.

மூன்று ஆட்டங்களை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதே ஆண்டு அவரைச் சேர்த்துக்கொண்ட ஸ்பெயினின் எஸ்பான்யோல் கழகம் பல ஆண்டுகள் விடவில்லை. 1988இல் யூஈஎஃப்ஏ கோப்பை இறுதிவரை அவரோடு சென்றது. அவர் ஒருவர் மட்டும் விதிவிலக்கு என்றும் சொல்ல முடியாது. அதே கேமரூனின் ஜோசப் அன்துவான் பெல் பிரான்சில் மார்செய், போர்தோ அணிகளின் வலையைக் காத்தவர். 1990 உலகக் கோப்பையில் என்கோனோவைப் பார்த்தே கோல்கீப்பராக விரும்பிய இத்தாலியச் சிறுவன் புஃபோன், பின்னாளில் தன் மகனுக்கு லூயிஸ் தாமஸ் என்று பெயரிட்டார்.