கடல் உணவு நாசி கோரெங்

நாசி கோரெங் என்பது இந்தோனேசியாவில் காலை உணவாகவும் இரவு உணவாகவும் பரவலாக உண்ணப்படும் ஒரு வறுத்த சோற்று உணவாகும். மலாய், இந்தோனேசிய மொழிகளில் நாசி என்பது சோற்றையும், கோரெங் என்பது வறுத்தல் அல்லது பொரித்தலையும் குறிக்கும். இறால், கணவாய், நண்டு முதலியவற்றைச் சேர்த்துச் செய்யும் வகை அந்நாட்டு உணவகங்களில் "நாசி கோரெங் சீஃபுட்" என்று ஆங்கிலச் சொல்லுடனேயே வழங்குகிறது. இக்கட்டுரை அவ்வகையைத் திருவள்ளூர் மாவட்டத்தில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு வீட்டில் சமைக்கும் முறையை விளக்குகிறது.

தமிழகத் தெருக்கடைகளில் விற்கப்படும் பிரைடு ரைசிலிருந்து இது நிறத்தாலும் மணத்தாலும் வேறுபடும். இனிப்புச் சோயாச் சாறான "கேச்சாப் மானிஸ்" இதற்குப் பழுப்பு நிறத்தையும், புளிக்கவைத்த கூனி இறால் விழுதான "தெராசி" தனி மணத்தையும் தருகின்றன. இவ்விரண்டும் இல்லாமல் செய்வது சுவையாக இருக்கலாம். ஆனால் அது நாசி கோரெங் ஆகாது.

வரலாறு

சோற்றை எண்ணெயில் வறுக்கும் முறை சீன வணிகர்கள், குடியேறிகள் வழியாகத் தென்கிழக்காசியாவில் பரவியது என்பது பொதுவான கருத்து. முந்தைய நாள் மிஞ்சிய சோற்றை வீணாக்காமல் மறுநாள் காலையில் உண்பதே இதன் அடிப்படை நோக்கம். அவ்வகையில் இது நமது பழைய சோற்றுக்கு உறவுடைய உணவு எனலாம். 2018 இல் இந்தோனேசிய அரசு அறிவித்த ஐந்து தேசிய உணவுகளுள் நாசி கோரெங்கும் ஒன்று. சோத்தோ, சாத்தே, ரெண்டாங், காடோ-காடோ ஆகியன ஏனைய நான்கு.

திருவள்ளூர் மாவட்டத்துக்கும் இந்தோனேசியாவுக்கும் பழைய தொடர்பு உண்டு. பொன்னேரி வட்டத்தில் உள்ள பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613 இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690 இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடமாக இவ்வூர் விளங்கியது. இங்கிருந்து பருத்தித் துணிகள் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) நறுமணத் தீவுகளுக்கும் சென்றன. துணிகளுடன், அடிமைகளாக விற்கப்பட்ட மக்களும் அதே கப்பல்களில் ஏற்றப்பட்டனர் என்பதையும் குறிப்பிட வேண்டும். இத்தொடர்பை வைத்து நாசி கோரெங் பழவேற்காட்டின் மரபுணவு என்று கொள்வது பொருந்தாது. எனினும் அதற்கு வேண்டிய இறாலும் நண்டும் கிடைக்கும் பழவேற்காட்டு ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் இரண்டாவது பெரியது.

தமிழர் வாழும் பிற நாடுகளில் இவ்வுணவு நெடுங்காலமாக அறியப்பட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முசுலிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் இது அன்றாட உணவு. இலங்கையில் ஒல்லாந்தர் காலத்தில் குடியேறிய மலாயர் சமூகம் உள்ளது. அங்கு நகர உணவகங்கள் பலவற்றின் பட்டியலில் நாசி கோரெங் இடம்பெறுகிறது.

சோறு

செய்முறையில் மிக முக்கியமானது சோறே. சூடான சோற்றை வறுத்தால் குழைந்து களியாகிவிடும். வெந்த அரிசி குளிரும்போது அதிலுள்ள மாப்பொருள் இறுகுகிறது, மேற்புறத்து ஈரமும் குறைகிறது. அதனாலேயே ஆறிய சோறு பருக்கை பருக்கையாகப் பிரிகிறது. வீட்டில் புழங்கும் பொன்னிப் புழுங்கல் அரிசி இதற்கு நன்கு பொருந்தும். பச்சரிசி ஒட்டும் தன்மை உடையது. நீரைச் சற்றுக் குறைத்து வடித்தால் அதையும் பயன்படுத்தலாம். பாசுமதிக்கு இங்கு வேலையில்லை.

"பழைய சோறு" என்றதும் இரவு முழுவதும் அடுப்படியில் மூடிவைத்த சோறு என்று கொள்ளக் கூடாது. அரிசியில் இயல்பாகக் காணப்படும் பேசில்லசு செரியசு என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு அறை வெப்பத்தில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சுப் பொருளை உண்டாக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு வெப்பத்தைத் தாங்குவதால், சோற்றை மீண்டும் எவ்வளவு வறுத்தாலும் நீங்காது. உண்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் சீன உணவகங்களின் வறுத்த சோற்றை உண்டவர்களிடையே இந்நோய் முதலில் தெளிவாக அடையாளம் காணப்பட்டது. திருவள்ளூர்ப் பகுதியின் கோடை வெப்பத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

எனவே வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி விரைவாக ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மூடிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் எடுத்து நேராகச் சட்டியில் இடலாம். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், அன்றே வடித்த சோற்றை மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம் உலரவைத்து உடனே வறுப்பது நல்லது. நீரூற்றிப் புளிக்கவைக்கும் பழைய சோறு முற்றிலும் வேறான முறை; அதைப் பிழிந்து வறுத்தால் குழைந்துவிடும்.

கடல் உணவு

கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பகுதிகள் பழவேற்காட்டுக்கு அண்மையில் இருப்பதால் அங்கு இறால் எளிதில் கிடைக்கும். நெசவுத் தொழில் மிகுந்த ஆர்.கே.பேட்டை மாவட்டத்தின் மேற்குக் கோடியில் கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ளது. அங்கு வந்து சேரும் மீனுக்கும் இறாலுக்கும் பனிக்கட்டியே காப்பு. ஓடு உடலோடு ஒட்டி உறுதியாக இருக்கும் இறாலை வாங்க வேண்டும். தலைப்பகுதி கறுத்திருப்பது மட்டுமே கெட்டதற்குச் சான்றாகாது. ஆனால் அமோனியா நெடி வீசினால் வாங்காமல் விடுவதே முறை. பனியில் உறைந்த இறாலை முதல் நாளிரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உறைநீக்கலாம். வெந்நீரில் போடுவது தவறு.

இருவர் அல்லது மூவருக்கு உரித்த இறால் 150 கிராம், வளையமாக நறுக்கிய கணவாய் 100 கிராம் போதும். சென்னைச் சந்தைகளில் கடம்பா என்று கேட்டால் கிடைக்கும் ஊசிக்கணவாய் ஏற்றது. இறாலின் முதுகில் உள்ள கருநிறக் குடலை நீக்கி, இரண்டையும் கழுவித் துணியால் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். நண்டு சேர்ப்பதானால் அவித்து எடுத்த சதையை மட்டும் இறுதியில் இடலாம்.

தெராசிக்கும் கேச்சாப்புக்கும் மாற்று

தெராசி கிடைக்காத ஊரில் சென்னாக்குன்னியைப் பயன்படுத்தலாம். இலங்கையில் கூனி எனப்படும் இந்தச் சிற்றிறால் கருவாடு, தெராசி செய்யப் பயன்படும் சிற்றிறால்களை ஒத்ததே. புளிக்கவைக்கப்படாதது மட்டுமே வேறுபாடு. ஒரு தேக்கரண்டி அளவை வெறும் சட்டியில் வறுத்துப் பொடிக்க வேண்டும். மணம் தெராசியைவிட மென்மையாக இருக்கும்.

கேச்சாப் மானிசுக்குக் கடைச் சோயாச் சாறும் பொடித்த பனை வெல்லமும் சம அளவில் எடுத்து, சிறு தீயில் பாகுபோல் கெட்டியாகும் வரை காய்ச்சி வடிகட்டலாம். இந்தோனேசியாவிலும் இதற்குப் பனை வகைகளின் வெல்லமே பயன்படுவதால், வெள்ளைச் சர்க்கரையைவிட இதுவே மூலச் சுவைக்கு நெருங்கியது.

செய்முறை

சின்ன வெங்காயம் 8, பூண்டு 3 பல், ஊறவைத்த காய்ந்த மிளகாய் 4, தெராசி அரைத் தேக்கரண்டி (அல்லது மேற்கூறிய பொடி) ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். அம்மியில் அரைத்தால் நீர் சேர்க்கத் தேவையில்லை. ஏறத்தாழ 500 கிராம் ஆறிய சோற்றைக் கையால் உதிர்த்து வைக்க வேண்டும்.

இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, இறாலை இரண்டு நிமிடமும் கணவாயை ஒரு நிமிடமும் வதக்கித் தனியே எடுத்துவிட வேண்டும். இறுதிவரை சட்டியில் விட்டுவைத்தால் கணவாய் இரப்பர்போல் ஆகும். பெரும்பாலான வீடுகளில் இவ்வுணவு கெடுவது இவ்விடத்தில்தான். பின்னர் இன்னும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் அரைத்த விழுதைப் பச்சை வாடை நீங்கி எண்ணெய் பிரியும் வரை வதக்கி, சோற்றைச் சேர்த்துப் பெருந்தீயில் கிளற வேண்டும். உணவகத்து அடுப்பின் வெப்பம் வீட்டு எரிவாயு அடுப்புக்கு இல்லை. ஆகவே நான்கு பேருக்கு மேல் சமைப்பதானால் இரண்டு தடவையாகப் பிரித்துச் செய்ய வேண்டும். இல்லையெனில் சோறு வறுபடாமல் ஆவியில் வேகும்.

சோறு சூடேறியதும் கேச்சாப் மானிசு இரண்டு மேசைக்கரண்டியைச் சட்டியின் ஓரமாக ஊற்றினால் அது சற்றுக் கருகி மணம் தரும். இறால், கணவாயை மீண்டும் சேர்த்துப் புரட்டி, சுவை பார்த்த பின்னரே உப்பிட வேண்டும். சோயாச் சாற்றிலும் தெராசியிலும் ஏற்கெனவே உப்பு உண்டு.

இறால் வகைகளுக்கு ஒவ்வாமை உடையவர்களுக்கு இறாலை மட்டும் விலக்கிப் பரிமாறுவது பாதுகாப்பாகாது. தெராசியும் சென்னாக்குன்னியும் இறால் இனங்களே. கோழி நாசி கோரெங், காய்கறி நாசி கோரெங் எனப்படுவனவற்றிலும் தெராசி இருக்கக்கூடும் என்பதால் புலால் உண்ணாதோர் கேட்டறிந்து உண்ண வேண்டும்.

பரிமாறல்

ஒவ்வொரு தட்டிலும் சோற்றின் மேல் ஓரம் முறுகப் பொரித்த முட்டை ஒன்றை வைத்து, வெள்ளரி, தக்காளித் துண்டுகளுடனும் பொரித்த வெங்காயத்துடனும் பரிமாறுவது வழக்கம். குருப்புக் எனப்படும் இறால் அப்பளம் உடன் வைக்கப்படும். அது இல்லாதபோது அரிசி வடகம் நன்றாகவே ஈடுகொடுக்கிறது.